கரை தட்டப் பிறந்த கப்பல்

2023 மே 6, சனிக்கிழமை. கொச்சிக் கடற்படைத் தளத்தில் பொழுது அடையும் நேரம். ஐ.என்.எஸ். மகர் கப்பலிலிருந்து தேசியக் கொடியும் கடற்படைக் கொடியும் மெல்ல இறங்கின. விடைபெறும் கப்பலுக்கென்றே கட்டுகிற நீண்ட கொடியும் கூடவே இறங்கியது. 1987-ல் பணிக்கு வந்த கப்பல் 36 ஆண்டு உழைத்து ஓய்ந்தது. நம் கடற்படையிலிருந்த பெரிய டாங்கி தரையிறங்கு கப்பல்களில் அதுவே மூத்தது.

அன்று ஒரு பெயரும் கரையேறியது. அந்தப் பெயரை முதலில் தாங்கிய கப்பல் இரண்டாம் உலகப்போர் பெற்ற பிள்ளை. 1945-ல் பிரிட்டனில் கட்டப்பட்டு, 1949-ல் நம்மிடம் வந்தது. அது ஓய்ந்த பின் அதே பெயரை, அதே தொழிலை, கொல்கத்தாவில் கட்டிய புதுக்கப்பல் ஏற்றுக்கொண்டது. இந்த இரங்கல் இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

நான் கடலோரத்துக்காரி அல்ல. மறையூரில் பிறந்து கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்டவள். ஒன்று இடுக்கி மாவட்டத்தின் கிழக்கு ஓரம், உடுமலைப்பேட்டையைப் பார்த்திருப்பது. மற்றது பாலக்காட்டின் கிழக்கு ஓரம், பொள்ளாச்சியைப் பார்த்திருப்பது. இரண்டு ஊரிலும் வீட்டுக்குள் தமிழ், தாலுகா ஆபீஸில் மலையாளம். இரண்டு ஊரிலும் எந்த உயரத்தில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. அப்படிப்பட்டவள் ஒரு போர்க்கப்பலுக்கு ஏன் அழ வேண்டும்? 2020-ல் மூன்று மாத இடைவெளியில் நேர்ந்த இரண்டு சம்பவங்கள்தான் காரணம். அவற்றுக்கு வருமுன் இந்தக் கப்பல் யார், எந்த வம்சம், என்ன தொழில் செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சாவு வீட்டில் முதலில் பேசுவது அதைத்தானே.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். மகர் என்றால் இந்தியில் முதலை. ஆற்றிலும் குளத்திலும் அணையிலும் வாழும் சதுப்பு முதலை. எங்கள் சின்னாற்றில் கிடப்பது அந்த இனம்தான். கேரளத்தின் 44 ஆறுகளில் 41 மேற்கே ஓட, மூன்று மட்டும் கிழக்கே திரும்புகின்றன. அந்த மூன்றில் ஒன்று மறையூர்ப் பக்கம் ஓடும் பாம்பாறு. அது கூட்டாறு என்ற இடத்தில் சின்னாற்றோடு கலந்து அமராவதி அணைக்குப் போகிறது. முதலைக்கு எல்லைச் சாவடி கிடையாது. கேரளத்தில் முட்டையிட்டுத் தமிழகத்தில் வெயில் காயும். பாறைமேல் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலையைச் சின்ன வயதில் பார்த்தபோது, யாரையோ விழுங்கத்தான் வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று நடுங்கியிருக்கிறேன். உடம்புச் சூட்டை ஆற்றிக்கொள்ள அப்படிக் கிடக்கிறது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

மகரம் தமிழுக்குப் புதிய சொல் அல்ல. கோயில் வாசலில் மகர தோரணம் இருக்கிறது, பெருமாள் காதில் மகரக்குழை இருக்கிறது. வீட்டில் தை என்று சொன்ன மாதத்தைப் பள்ளிக்கூடத்தில் மகரம் என்றுதான் எழுதினோம். அந்த மாதத்தின் முதல் நாளில் வண்டிப்பெரியாற்றுக்கு மேலே புல்மேட்டில் ஜோதி பார்க்கக் கூட்டம் திரளும். சிற்பி செதுக்கிய மகரத்தைக் கவனித்தால், மீனும் முதலையும் யானையும் கலந்த உருவம். நீருக்கும் நிலத்துக்கும் பொதுவான உயிர். ஒரு தரையிறங்கு கப்பலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது.

கடலில் பிழைப்பவர்களுக்குக் 'கப்பல் கரை தட்டிவிட்டது' என்பது சாவுச் செய்திக்கு அடுத்த செய்தி. அடிப்பாகம் மணலில் குத்தும். அலை அடிக்க அடிக்கத் தகடு பிளக்கும். இழுவைக் கப்பல் வந்து மீட்டால் உண்டு, இல்லையேல் உடைத்துத்தான் விற்க வேண்டும். கடற்படைக்காரர்கள் எல்.எஸ்.டி. என்று சொல்லும் டாங்கி தரையிறங்கு கப்பலுக்கு மட்டும் கரை தட்டுவதே தொழில். துறைமுகமோ படித்துறையோ இல்லாத வெறும் மணற்கரையை நோக்கி நேரே வரும். முன்வயிற்றை மணலில் பதித்து நிற்கும். முகத்திலுள்ள இரட்டைக் கதவைத் திறக்கும். உள்ளிருந்து சாய்பலகை இறங்கும். டாங்கியும் லாரியும் தம் சக்கரத்தால், ஆட்கள் தம் காலால், கரை இறங்கிப் போவார்கள்.

இதற்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும். முதலாவது, தட்டையான அடிப்பாகம். முன்பக்கம் நீரில் குறைவாகவும் பின்பக்கம் கூடுதலாகவும் அமிழ்ந்திருக்கும்படி, கடற்கரையின் சரிவுக்கு இணையாக அது அமைந்திருக்கும். இரண்டாவது, அடிவயிற்றிலுள்ள நீர்த்தொட்டிகள். ஆழ்கடலில் அவற்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டால் கப்பல் தாழ்ந்து நிலையாகப் போகும். கரை நெருங்கியதும் நீரை இறைத்து வெளியேற்றினால் உயர்ந்து மிதந்து மணல்வரை போகலாம். மூன்றாவது, பின்நங்கூரம். கரையை எட்டும் முன்பே கப்பல் தன் பின்பக்கத்திலிருந்து ஒரு நங்கூரத்தைக் கடலில் இறக்கிவிட்டு, அதன் வடத்தை நீளவிட்டுக்கொண்டே வரும். பாரம் இறங்கியதும் வடத்தைச் சுருட்டும். நங்கூரம் கடலடியில் கவ்விக்கொள்ளும். கப்பல் தன்னைத் தானே பின்னுக்கு இழுத்து நீரில் இறங்கிவிடும்.

மலையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு இந்த மூன்றாவது ஏற்பாடு சொல்லாமலே விளங்கும். சேற்றில் சக்கரம் புதைந்தால் மேட்டிலுள்ள மரத்தில் வடத்தைக் கட்டி வண்டியை ஏற்றுவார்கள். வித்தியாசம் ஒன்றுதான். ஜீப்காரர் மாட்டிய பிறகு மரத்தைத் தேடுவார். இந்தக் கப்பல் மாட்டப் போவது தெரிந்தே, திரும்பும் வழியை முதலில் போட்டுவிட்டுப் போய் மாட்டிக்கொள்ளும். எனக்கு இதன்மேல் மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

இதற்கெல்லாம் விலையும் உண்டு. தட்டை அடிப்பாகம் உள்ள கப்பல் கடல் கொந்தளிப்பில் தொட்டில்போல உருளும். பயணம் செய்கிறவர்கள் குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுப்பார்கள். வேகமும் குறைவு. போர்க்காலத்து மாலுமிகள் எல்.எஸ்.டி. என்ற எழுத்துகளுக்குப் 'பெரிய, மெதுவான இலக்கு' என்று பொருள் சொல்லிக்கொண்டார்கள்.

இந்த வம்சம் ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1940-ல் டன்கிர்க் கரையிலிருந்து பிரிட்டிஷ் படை உயிர் தப்பியபோது, டாங்கிகளையும் பீரங்கிகளையும் வண்டிகளையும் பிரான்ஸிலேயே போட்டுவிட்டு வர நேர்ந்தது. மறுபடி அந்த மண்ணில் கால் வைக்க வேண்டும் என்றால் டாங்கி வேண்டும். டாங்கியை இறக்கத் துறைமுகம் வேண்டும். துறைமுகமெல்லாம் எதிரி கையில். அப்படியானால் துறைமுகமே தேவைப்படாத கப்பல் வேண்டும். முதல் விடை வெனிசுவேலாவிலிருந்து கிடைத்தது. அங்கே மரக்கைபோ ஏரியின் வாயில் ஒரு மணல்திட்டு. அதைத் தாண்டுவதற்கென்றே அடி ஆழம் குறைவாகக் கட்டிய எண்ணெய்க் கப்பல்கள் மூன்றை எடுத்து, முகத்தை அறுத்துக் கதவு பொருத்தினார்கள். அவற்றில் ஒன்றான பச்சகேரோ 1942 மே மாதம் மடகாஸ்கர் தரையிறக்கத்தில் ஈடுபட்டது.

இதற்கிடையே 1941 நவம்பரில் ஜான் நீடர்மேயர் என்ற அமெரிக்கக் கப்பல் வடிவமைப்பாளர், பிரிட்டன் கேட்ட கப்பலுக்கு முதல் வரைபடத்தைப் போட்டார். போர் முடிவதற்குள் அமெரிக்கா அந்த வகையில் 1,051 கப்பல்களைக் கட்டியது. கடலோரக் கட்டுமானத் தளங்கள் பெரிய போர்க்கப்பல்களுக்கே போதாமல் இருந்ததால், இவற்றில் பெரும்பாலானவை ஒஹாயோ, இல்லினாய் ஆற்றங்கரைகளில், கடலையே பார்க்காத ஊர்களில் கட்டப்பட்டன. அங்கே கப்பல் கட்டியவர்களில் முன்பு கப்பலைக் கண்ணால் காணாதவர்களும் பெண்களும் ஏராளம். கட்டிய கப்பல் ஆற்று வெள்ளத்தோடு மிசிசிப்பிக்குப் போய், அங்கிருந்து கடல் சேர்ந்தது. உள்நாட்டுக்காரர்களுக்குக் கடலில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், இனி நான் இதைச் சொல்வேன்.

அமெரிக்கா தந்தவை போதாமல் பிரிட்டன் தானே மூன்றாம் வகை ஒன்றை வடித்தது. பிரிட்டனிலும் கனடாவிலும் அவை கட்டப்பட்டன. டீசல் எஞ்சின் கிடைக்காததால், ஃபிரிகேட் போர்க்கப்பல்களுக்குச் செய்த நீராவி எஞ்சின்களையே பொருத்தினார்கள். நீளம் சுமார் 105 மீட்டர், வேகம் 13 நாட். ஐரோப்பாவில் வேலை முடியும் தறுவாயில், கிழக்கே ஜப்பானுக்கு எதிராக இறங்கப் போகும் படைகளுக்கென்று இவை உருவாயின. இந்த வகையில் ஒன்றுதான் எல்.எஸ்.டி. 3011. அதற்கு அப்போது பெயர்கூடக் கிடையாது, எண் மட்டும். போருக்குப் பெற்ற பிள்ளைகளுக்குப் பெயர் சூட்ட யாருக்கும் நேரம் இல்லை.

கிழக்கே அவர்கள் திட்டமிட்ட பெரிய இறக்கம் மலாயாவில். அணுகுண்டுகள் விழுந்து, ஜப்பான் சரணடைந்த பிறகும் அந்த இறக்கம் நடந்தது. 1945 செப்டம்பர் 9 அன்று, 25-ம் இந்திய டிவிஷன் உட்பட, இந்தியாவிலிருந்து புறப்பட்ட படை சிலாங்கூரின் மோரிப் கரையில் இறங்கியது. சுட யாரும் இல்லை. ஆனால் கரையே எதிரியானது. மேலே கெட்டியாகத் தெரிந்த மணலுக்கு அடியில் சேறு. வண்டிகள் வரிசையாகப் புதைந்தன. எதிர்ப்பு இருந்திருந்தால் பெரும் அழிவு நேர்ந்திருக்கும் என்று ராணுவ வரலாற்றாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கரைக்குப் பின்னால் தோட்டங்கள் இருந்தன. தோட்டங்களில் தமிழர்கள் இருந்தார்கள், ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களின் குடும்பங்கள். மூணாற்றுத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு ஆள் வந்த அதே நூற்றாண்டில், அதே வறட்சிக்குத் தப்பி, கப்பலேறிப் போனவர்கள்.

1947-ல்தான் பிரிட்டிஷ் கடற்படை 3011-க்குப் பெயர் வைத்தது, அவெஞ்சர் என்று. பழிவாங்குபவன் என்று பொருள். 1949-ல் அது இந்தியாவுக்குக் கைமாறியது. நம்மவர்கள் அந்தப் பெயரைக் கழற்றிவிட்டு மகர் என்று சூட்டினார்கள். பழிவாங்குபவன் ஒரு முதலையானான். சுதந்திரம் பெற்று இரண்டே ஆண்டுகள் ஆன நாடு, பிறர் போருக்குச் செய்த ஆயுதத்தைத் தன் ஆற்றில் கிடக்கும் உயிரின் பெயரால் அழைத்தது. பின்னால் வந்த தரையிறங்கு கப்பல்களும் இதே வழியில் பெயர் பெற்றன. கரியால் நீள்மூக்கு முதலை, குல்தார் சிறுத்தை, கோர்பட் உடும்பு. 1966-ல் சோவியத் யூனியனிலிருந்து முதல் கரியாலும் குல்தாரும் வரும்வரை, நம் தரையிறங்கு படையின் முதுகெலும்பாக இருந்தது போர்க்காலத்து அந்த நீராவிக் கப்பல்தான்.

கரை தட்டும் தொழில் எவ்வளவு கடினம் என்பதை நம் கடற்படை 1971-ல் அனுபவத்தில் கற்றது. வங்கதேசப் போரின் கடைசி நாள்களில் காக்ஸ் பஜார் கரையில் கரியாலும் குல்தாரும் படையை இறக்க முயன்றன. கப்பல் தட்டி நின்றது மணல்திட்டில். திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஆழமான நீர் கிடந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. சாய்பலகையிலிருந்து இறங்கிய வீரர்கள் நீரில் மூழ்கினார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. மோரிப்பில் 26 ஆண்டுகளுக்கு முன் மணல் சொன்ன பாடம்தான் அது. கரையை மேலே பார்த்து நம்பக் கூடாது.

இரண்டாவது மகர், கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. 1984 நவம்பரில் நீரில் இறங்கி, 1987 ஜூலையில் பணியில் சேர்ந்தது. 120 மீட்டர் நீளம், 5,600 டன்னுக்கு மேல் எடை. 15 டாங்கிகளையும் 500 வீரர்களையும் சுமக்கும். மேலே ஹெலிகாப்டர் இறங்கும் தளம். மூத்தது பிறர் நாட்டில் செய்தது, இது நாமே கட்டியது.

அது பணியில் சேர்ந்த அதே மாதம் 29-ம் தேதி இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய அமைதிப் படை கடல் தாண்டியது. அந்த மூன்றாண்டுகளில் படையையும் வண்டிகளையும் தமிழகக் கரைக்கும் ஈழக் கரைக்கும் நடுவே ஏற்றி இறக்கியவை தரையிறங்கு கப்பல்களே. தமிழ் எழுதுகிற கையால் அந்த ஆண்டுகளை எளிதாகக் கடக்க முடியவில்லை. போனவர்களிலும் திரும்பாதவர்கள் ஆயிரத்துக்கு மேல். அங்கே வீடிழந்து, உறவிழந்து நின்றவர்கள் நம் மொழி பேசியவர்கள். ஒரு கப்பல் எதை இறக்குகிறது என்பதைக் கப்பல் முடிவு செய்வதில்லை. ஆனாலும் இரங்கல் எழுதுகிறவள் அதை விட்டுவிட்டு எழுதினால், அது பொய்யாகிவிடும்.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு அதே கதவு வேறு வேலைக்குத் திறந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஆழிப்பேரலை படகுத்துறைகளையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. நிக்கோபாரின் கச்சால் தீவில் இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் ரப்பர் தோட்டத்தில் குடியேறியிருந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் அதுவும் ஒன்று. துறை போன தீவுக்குச் சாதாரணக் கப்பல் பக்கம் வரைதான் போகும். நெருங்கிப் போகத் தெரிந்தவை தரையிறங்கு கப்பல்களும் அவற்றின் சிறு படகுகளும்தான். அந்த நாள்களில் மகர் 1,300-க்கும் மேற்பட்டவர்களைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 2006 பிப்ரவரியில், காலாவதியான வெடிபொருள்களைக் கடலில் அழிக்கும் பணியின்போது அந்தக் கப்பலில் விபத்து நேர்ந்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள். கப்பலுக்குச் செலுத்தும் அஞ்சலி அவர்களுக்கும் சேர்த்தே.

2018-ல் மகர் கொச்சிக்கு வந்தது, பயிற்சிக் கப்பலாக. இளம் அதிகாரிகளுக்குக் கடலைக் கற்றுத்தரும் முதலாம் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தது. வயதான வாத்தியார் வேலை. கொச்சிக்கும் எங்கள் மலைக்கும் பழைய உறவு உண்டு. எங்கள் இடுக்கி மலைகளின் மேற்குப் பக்கத்தில் பெய்யும் மழையைப் பெரியாறு சுமந்துபோய்க் கொச்சிப் பக்கம் கடலில் கொட்டுகிறது. 1341-ல் வந்த பெருவெள்ளம்தான் முசிறியைத் தூர்த்துக் கொச்சியின் முகத்துவாரத்தை அகலப்படுத்தியது என்பார்கள். முகத்துவாரத்துக்கு வெளியே கிடந்த மணல்திட்டை 1920-களில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் வெட்டித் திறந்தார். தோண்டியெடுத்த மண்ணைக் கொட்டி உருவானது வில்லிங்டன் தீவு. ஆகவே மகர் கடைசியாகக் கட்டப்பட்டிருந்த துறையில், எங்கள் மலையிலிருந்து போன மண்ணும் ஒரு பிடி இருக்கத்தான் வேண்டும். ஒருமுறை அந்தப் பக்கம் போனபோது தூரத்தில் சாம்பல் நிறத்தில் அதைப் பார்த்தேன். அருகிலிருந்த மெலிந்த போர்க்கப்பல்களுக்கு நடுவே, வீட்டுக்கு மூத்த மருமகள்போல அகன்று நின்றது.

இனி அந்த இரண்டு சம்பவங்கள்.

2020 மே. நோய்த்தொற்றுக்கு அஞ்சி ஊரே பூட்டிக் கிடந்தது. எங்களுக்குப் பக்கத்திலுள்ள வாளையாறு சாவடியில், தமிழகத்திலிருந்து கேரளத்துக்குத் திரும்ப வந்தவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெயிலில் நின்றார்கள். பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் நின்றவர்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். ஆயுள் முழுக்கக் கறிவேப்பிலை வாங்கப் போவதுபோல் கடந்துகொண்டிருந்த கோடு, ஒரே நாளில் கடல்போல அகன்றுவிட்டது. அந்த வாரத்தில்தான் ஜலாஷ்வா என்ற கடற்படைக் கப்பலும் மகரும் மாலத்தீவுக்குப் போயின. மே 10 அன்று மாலியில் 202 பேரை ஏற்றிக்கொண்டு, 12-ம் தேதி மகர் கொச்சிக்கு வந்து சேர்ந்தது. மலையாளிகளும் தமிழர்களுமே அதில் மிகுதி. வேலை போய், சம்பளம் நின்று, மாதக்கணக்கில் அறைகளில் அடைந்து கிடந்தவர்கள். நான்கு கப்பல்கள் 55 நாளில் 3,992 பேரைத் தாயகம் சேர்த்த பெருமுயற்சியில் அது ஒரு பங்கு. பழிவாங்குபவன் என்று பெயர் சூட்டப்பட்டிருந்த கப்பலின் வாரிசு, பெட்டியும் பையுமாக வந்த கூலிக்காரர்களை இறக்கிவிட்டது. நிலத்தில் மனிதர்கள் போட்ட கோட்டைத் தாண்ட முடியாமல் நின்ற அதே வாரத்தில், கடல் தாண்டி வந்து இறக்கிவிட்டது.

2020 ஆகஸ்ட் 6, இரவு. மூணாறை அடுத்த ராஜமலைப் பக்கம், பெட்டிமுடியில் மலை சரிந்தது. நான்கு வரிசை லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர். பெரும்பாலும் தமிழர்கள். தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். கரண்டு இல்லை, போன் இல்லை. வெளியே சொல்லவே விடியும்வரை ஆயிற்று. மூணாறிலிருந்து போகும் வழியில் பெரியவாரையில் பாலத்தை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஆம்புலன்ஸும் மண் அள்ளும் இயந்திரமும் வர வேண்டிய வழி அறுந்து கிடந்தது. மூணாற்றுச் சொந்தங்களின் எண்களை அன்று முழுக்க அழுத்திக்கொண்டிருந்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகர் நினைவு வரும். மலையில் கப்பலா என்று கேட்கலாம். கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். உலகத்தில் பெரும்பாலான வண்டிகள் பாதை இருக்கும் இடத்துக்கே போகும். ரயிலுக்குத் தண்டவாளம், பஸ்ஸுக்குத் தார் ரோடு, விமானத்துக்கு ஓடுதளம், கப்பலுக்குத் துறை. துறை இல்லாத இடத்தில் வாழ்கிறவர்கள் காத்திருக்க வேண்டும். எங்கள் மலையில் ஒரு காலத்தில் ரயிலே ஓடியது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன்வரை, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில். 1924-ல், மலையாள ஆண்டுக் கணக்கை வைத்து 99-ம் ஆண்டு வெள்ளம் என்று இன்றும் பேசுகிறோமே அந்த வெள்ளத்தில், பாதையோடு போய்விட்டது. பாதையை நம்பிய வண்டி பாதை போனதும் போயிற்று. பாதை முடியும் இடத்தில் தொடங்குவதற்கென்றே மனிதர்கள் யோசித்து யோசித்துச் செய்த வண்டி ஒன்று உண்டென்றால், அது இந்தக் கப்பல்தான். அதைச் செய்யச் சொன்னது போர் என்பது வருத்தம். போருக்காக இவ்வளவு யோசிக்க முடிந்தவர்களால், பெட்டிமுடிக்காக யோசிக்க முடியாதா என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

இந்த வம்சம் இனி மெலிந்துகொண்டுதான் போகும். இன்றைய ஏவுகணைகளுக்கு முன்னால், கரையில் வயிறு பதித்து மணிக்கணக்கில் நிற்கும் கப்பலால் தாக்குப்பிடிக்க முடியாது. அடிவானத்துக்கு அப்பால் நின்றுகொண்டு, ஹெலிகாப்டரையும் காற்றுமெத்தைப் படகையும் அனுப்பும் பெரிய கப்பல்களே இப்போதைய வழி. அமெரிக்காவிடமிருந்து 2007-ல் வாங்கிய ஜலாஷ்வா அந்த வகை. மகர் ஓய்ந்தபோது அதன் தங்கையான இரண்டாவது கரியாலும், ஷர்துல், கேசரி, ஐராவத் என்ற மூன்று இளையவையும் பணியில் இருந்தன. 2024 ஜனவரியில் சீத்தா, இரண்டாவது குல்தார், கும்பீர் என்ற மூன்று சிறிய தரையிறங்கு கப்பல்களும் போர்ட் பிளேயரில் ஒரே நாளில் விடைபெற்றன. உலகில் போர்க்காலத்து எல்.எஸ்.டி.கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அமெரிக்காவில் எவன்ஸ்வில் என்ற ஆற்றோர ஊரில் 325 எண்ணுள்ள கப்பல் அருங்காட்சியகமாக மிதக்கிறது. தென்சீனக் கடலில் 1999-ல் பிலிப்பைன்ஸ் ஒரு திட்டில் வேண்டுமென்றே கரை தட்டவைத்த சியரா மாத்ரே, துருப்பிடித்தபடி காவல் காக்கிறது. அது மட்டும் இன்னும் தன் தொழிலை விடவில்லை.

மகரின் சாவு இயற்கையான சாவுதான். வயதாயிற்று, உழைத்தது, போயிற்று. என் வேண்டுதல் அதன் தகட்டைப் பற்றியது அல்ல. அதற்குள் இருந்த வித்தையைப் பற்றியது. கரையின் சரிவை அளந்து பார்த்தல், மேல்மணலை நம்பாதிருத்தல், சுமை ஏற்றவும் சுமை குறைக்கவும் தெரிந்திருத்தல், போகுமுன் திரும்பும் வழியைப் போட்டுவைத்தல். தீவுகளில் ஆழிப்பேரலை மறுபடி வரலாம். மலையில் மண் மறுபடி சரியலாம். அன்று துறை இருக்காது, பாலம் இருக்காது. அங்கே போய்ச் சேரத் தெரிந்தவர்கள் மட்டும் இருக்க வேண்டும். கொச்சியில் அந்தக் கப்பலில் கடல் படித்த பிள்ளைகளிடம் அந்த வித்தை தங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

எங்கள் பக்கத்தில் நல்லபடி வாழ்ந்து முடித்தவரைக் 'கரை சேர்ந்தார்' என்று சொல்வோம். இந்தக் கப்பல் ஆயுள் முழுக்கப் பிறரைக் கரை சேர்த்தது. சேர்த்த கையோடு தன் வடத்தைச் சுருட்டிப் பின்வாங்கிக் கடலுக்குப் போய்விட்டது. ஒரு கரையிலும் தங்கவில்லை. அந்த மே மாத மாலையில், கொடி இறங்கிய பிறகு, அது கரையிலேயே நின்றது. திரும்பிப் போவதற்கென்று அன்று கடலில் நங்கூரம் எதையும் போட்டிருக்கவில்லை.